மிஸ் அந்தத் தாளை மடித்து வைத்தது சரிதான்

"மிஸ் ஒண்டுமே சொல்லேல்லையடி. நான்தான் முழுக்கக் கதைச்சனான்."

போன செமஸ்டரில் என் நண்பி முதல்தடவை உளவளத்துணைக்குப் போய்வந்து சொன்ன முறைப்பாடு இது. (இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "பேர் போடாத, அழுததை எழுதாத" என்றாள். சரி.) அவள் எதிர்பார்த்துப் போனது புத்திமதியை. எங்கட ஆட்களுக்கு உளவளத்துணை என்றாலே அதுதான். மேசைக்கு அங்கால ஒரு பெரிய ஆள் இருந்து, "இதையெல்லாம் யோசிக்காதேங்கோ பிள்ளை, படிப்பைப் பாருங்கோ" என்று சொல்லி அனுப்புவது. அதைச் சொல்ல வீட்டிலேயே தாராளமாக ஆட்கள் இருக்கினம்.

இரண்டாம் கிழமை மிஸ் மூச்சுப் பயிற்சி காட்டிக் கொடுத்தா. மூன்றாம் கிழமை தாளில் கோடு போட்டு ஒரு அட்டவணை. நான்காம் கிழமை அப்பாவைப் பற்றிக் கேட்டா. "ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொண்டு செய்யிறா, இவவுக்கு ஒழுங்கா ஒரு முறை தெரியுமோ தெரியாது" என்றாள் நண்பி. எனக்கும் அப்படித்தான் பட்டது. வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது, அதுவே ஒரு முறைதான் என்று. ஒருங்கிணைந்த உளவளத்துணை என்பார்கள்.

உளச்சிகிச்சை ஒரு வீடு இல்லை, பல வீடுகள். பிராய்டின் வழி வந்தவர்கள் கடந்தகாலத்தைக் கிண்டுவார்கள். கார்ல் ரொஜர்ஸ், ஆளைத் தீர்ப்பிடாமல் உண்மையாகக் கேட்டாலே மாற்றம் தொடங்கும் என்றார். 1960களில் ஆரன் பெக், மனச்சோர்வு உள்ளவரின் எண்ணங்களை எடுத்து ஆதாரம் கேட்டுச் சரிபார்க்கும் வழியைக் கொண்டுவந்தார். இவர்கள் தங்களுக்குள் நன்றாகச் சண்டையும் பிடித்தார்கள். ஆனால் 1936 இலேயே சோல் ரோசன்ஸ்வைக் என்ற அமெரிக்கர் ஒரு சங்கடமான விஷயத்தைச் சொல்லிவிட்டார்: வேறுவேறு முறைகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவில் பலன் தருகின்றன என்றால், அவற்றுக்குப் பொதுவாக இருக்கும் ஏதோ ஒன்றுதான் வேலை செய்கிறது. அந்தப் பொதுவான விஷயங்களில் முக்கியமானது இருவருக்கும் இடையிலான உறவு. அது உறுதியாக இருந்தால், எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்பது வந்திருக்கும் ஆளைப் பொறுத்தது.

இது எங்களுக்குப் புதிதும் இல்லை. எங்கட ஊரில் கவலை முதலில் உடம்பில்தான் கதைக்கும். "நெஞ்சுக்குள்ள அடைக்குது, பெருமூச்சா வருது" என்று அம்மம்மாக்கள் ஓபிடியில் வரிசையில் நிற்பார்கள். ஈசிஜி எடுத்தால் ஒன்றும் இருக்காது. அந்த அம்மம்மாவிடம் போய் "உங்கட எண்ணங்களை எழுதுங்கோ" என்றால் என்ன நடக்கும்? யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். மூச்சையும் தசையையும் தளர்த்தும் பயிற்சிகளோடு, அவரவர் சமயத்துக்கு உரிய சொல்லைத் திரும்பத் திரும்ப உச்சரிக்கச் செய்வது, சடங்குகளுக்கு இடம் கொடுப்பது என்று மேற்கில் படித்ததையும் இங்கே இருந்ததையும் சேர்த்தே அவர்கள் வேலை செய்திருக்கிறார்கள்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அந்த அட்டவணைக்காக.

அட்டவணை பெக்கின் வழி. ஒரு பக்கம் எண்ணம், மற்றப் பக்கம் அதுக்கு ஆதாரம். நண்பி முதலில் எழுதியது: "நான் இந்தமுறை பெயில்." ஆதாரம் தேடினால் ஒன்றும் இல்லை, போன இரண்டு வருடமும் அவள் நல்ல ரிசல்ட். அதைத் தாளில் பார்த்ததும் அவளுக்கே சிரிப்பு வந்ததாம். அடுத்த கிழமை, அப்பாவைப் பற்றிய கேள்வியோடு அதே தாள் திரும்ப வெளியே வந்தது. அவள் எழுதினாள்: "அப்பா வருவார்."

2009இல் அவளுக்கு எட்டு வயது. அப்பா அந்த வருடம் காணாமல் ஆக்கப்பட்டவர்.

மிஸ் ஆதாரம் கேட்கவில்லை. பேனையை வைத்துவிட்டு, தாளை மடித்து ஓரமாக வைத்தா. பிறகு, "அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கோ, எப்பிடி ஆள்?" என்று கேட்டா. மிச்ச நேரம் முழுக்க அப்பாவின் சைக்கிளைப் பற்றிக் கதைத்தார்களாம்.

ஒரே முறையைக் கையில் பிடித்திருக்கும் ஒருவர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்று யோசித்தால் எனக்குப் பயமாக இருக்கு. "அப்பா வருவார்" என்பதைத் திருத்தவேண்டிய பிழையான எண்ணம் என்று எடுத்திருக்கலாம். "இழப்பை ஏற்றுக்கொள்ள மறுக்கிறா" என்று குறித்திருக்கலாம். எதை ஏற்றுக்கொள்வது? உடலும் இல்லை, பதிலும் இல்லை. போலின் பொஸ் என்ற ஆய்வாளர் இப்படியான நிலைக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார், வியட்நாம் போரில் காணாமல்போன சிப்பாய்களின் குடும்பங்களோடும் வேலை செய்தவர் அவர். ஆள் இருக்கிறார், இல்லை என்ற இரண்டையும் ஒன்றாகச் சுமக்கிறவரை ஒரு பக்கம் தள்ளிவிடுவது உதவி இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் உறவுகள் தெருவோரம் பந்தல் போட்டு இருக்கத் தொடங்கினார்களே, அவர்கள் எல்லாரும் "மறுப்பு நிலையில்" இருந்தார்களா? அவர்கள் கேட்டது பதில். அதை எந்த உளவளத்துணை அறையாலும் கொடுக்க முடியாது. அதைத் தெரிந்து வைத்திருப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதி என்றுதான் நினைக்கிறேன்.

இதுக்குள் ஒரு ஆபத்தும் இருக்கு. இரண்டுநாள் செயலமர்வு முடித்து சேர்ட்டிபிக்கெட் எடுத்தவரும் "நான் எல்லா முறையும் கலந்து செய்யிறனான்" என்று சொல்லிவிடலாம். ஒருங்கிணைப்பது என்றால் கொத்துரொட்டிபோல எல்லாவற்றையும் போட்டு வெட்டுவது இல்லை. ஒரு கருவியை ஒழுங்காகப் பழகினவருக்குத்தான் அதை எப்போது கீழே வைப்பது என்று தெரியும். தன்னால் முடியாதபோது வைத்தியரிடம் அனுப்பவும் தெரியவேண்டும். அதோடு நேரம் வேண்டும். அந்தத் தாள் மடிக்கப்பட்டது நான்காம் கிழமை. முதல் கிழமையே புத்திமதி சொல்லி அனுப்பியிருந்தால் அப்பா என்ற சொல்லே அந்த அறைக்குள் வந்திருக்காது. ஒரு கம்பஸுக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டு, ஆளுக்கு இருபது நிமிடம் என்று நடத்தினால் வேறு என்ன நடக்கும்? கதவும் லெக்சர் ஹோல் பக்கம் பார்த்தபடி இருந்தால், உள்ளே போகிறவரை "விசரோ" என்று கேட்க நாலு பேர் நிற்பார்கள். கேட்கிறவர்கள் எங்கட பட்ச் ஆட்கள்தான், இதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் வருடத்தில் நானும் ஒருவரைப் பார்த்து அப்படிக் கேட்டிருக்கிறேன்.

நண்பி இப்பவும் வியாழக்கிழமைகளில் போகிறாள். திரும்பி வந்தால் பசிக்கும் என்பாள். நான் கன்டீனில் அவளுக்கு ஒரு கதிரை பிடித்து, பிளேன்ரீ சொல்லி வைப்பேன். என்ன கதைத்தாய் என்று கேட்பதில்லை.