சாட்சியின் அழுக்கும் வாசகனின் சுத்தமும்

நாஜி முகாம்களிலிருந்து மீண்டவர்களின் எழுத்தைப் பற்றி நம்மவர்கள் எழுதுகிற மதிப்புரைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. துவேஷத்துக்கு ஒரு பத்தி, வஞ்சகத்துக்கு ஒரு பத்தி, கடைசியில் மனித ஆன்மாவின் வெற்றிக்கு ஒரு பத்தி. துவேஷமும் வஞ்சகமும் நாஜிகளுடையவை, வெற்றி மீண்டு வந்தவருடையது, கண்ணீர் நம்முடையது. ஆளுக்கொரு பங்கு கிடைத்துவிட, கணக்கு முடிகிறது. வங்கியில் பேரேடு பார்த்துப் பிழைப்பவன் நான். இவ்வளவு சுலபமாக ஒத்துப்போகிற கணக்கை இன்னொரு தடவை பார்க்கச் சொல்கிறது தொழில் புத்தி.

பார்க்க வேண்டிய கதை ததேயுஷ் பொரோவ்ஸ்கியுடையது. போலந்துக்காரர், யூதரல்ல. 1943இல் வார்சாவில் கைதாகி இருபது வயதில் ஆஷ்விட்ஸுக்குப் போனவர். 1945இல் அமெரிக்கப் படை வந்தபோது டாஹௌவில் உயிரோடு மிஞ்சியவர். 1946இல் வந்த கதை இது. 1967இல் ஆங்கிலத்தில் வெளியாகி, பின்னர் ஃபிலிப் ராத்தை ஆசிரியராகக் கொண்ட பென்குவின் வரிசையில் இடம்பெற்ற அவருடைய தொகுப்பின் தலைப்புக் கதை.

கதைசொல்லியும் ஒரு கைதி. ரயிலிலிருந்து இறக்கப்படும் யூதர்களின் மூட்டைகளைப் பிடுங்கிக் குவிக்கும் கூட்டத்தோடு அன்றைக்கு அவனும் போகிறான். தின்பண்டம் கிடைக்கும், அவனுக்கு ஒரு ஜோடி ஷூ தேவை. எங்களை என்ன செய்யப் போகிறார்கள் என்று இறங்குகிறவர்கள் கேட்கிறார்கள். யாரும் சொல்வதில்லை. சாகப் போகிறவர்களைக் கடைசி நிமிஷம்வரை ஏமாற்றுவதுதான் அங்கே அனுமதிக்கப்பட்ட ஒரே கருணை. நாஜிகளின் வஞ்சகம் ஊரறிந்தது. விஷவாயு அறையைக் குளியலறை என்றார்கள், கொலையை 'விசேஷ கவனிப்பு' என்றார்கள். கதையில் வாயுவைச் சுமந்து போவது செஞ்சிலுவை போட்ட வண்டி. இதையெல்லாம் நம் மதிப்புரைக்காரர் பட்டியல் போட்டுவிடுவார். அதே பொய் கைதியின் மௌனத்தின் வழியாகக் கைமாறுவதை, அது ஒரே சமயத்தில் கருணையாகவும் கொலைக்கு ஒத்தாசையாகவும் இருப்பதை, எந்தப் பத்தியில் வைப்பார்?

துவேஷமும் இப்படித்தான். கதைசொல்லியின் ஆத்திரம் காவலர்களை விட்டுவிட்டு வந்திறங்கும் ஜனங்கள் மேல் பாய்கிறது. இவர்களால் அல்லவா நான் இங்கே நிற்க வேண்டியிருக்கிறது என்று அவனுக்கு எரிச்சல். ஓர் இளம் தாய், பின்னால் அழுதுகொண்டு வரும் குழந்தை தன்னுடையதில்லை என்று சொல்லி ஓடுகிறாள். குழந்தை இல்லாத இளம்பெண் பிழைக்க வழியுண்டு என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. குடித்திருக்கும் ரஷ்யக் கைதி ஒருவன் அவளை அடித்து, யூதச்சி என்று ஏசி, குழந்தையோடு சேர்த்து லாரியில் எறிகிறான். எஸ்.எஸ். காவலன் அவனை மெச்சுகிறான். பொய் சொன்னவள் பலியாகிறாள். தாய்மையின் பேரால் தர்மாவேசம் கொண்டவன் கொலைகாரனுக்குக் கையாளாகிறான். நம்முடைய மனிதாபிமானத் தராசில் இதை எப்படி நிறுப்பது?

அந்தக் கதைசொல்லிக்குப் பொரோவ்ஸ்கி வைத்த பெயர் ததேக். தன் பெயரேதான். முகாமில் அவர் மருத்துவப் பகுதியில் பணியாளாக இருந்தவர்; உடனிருந்தவர்கள் அவரைப் பற்றி நல்லபடியாகவே சொல்லியிருக்கிறார்கள். இருந்தும், அழுக்கை வேறொருவன் மேல் பூசி ஒதுங்கிக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை. தப்பித்தவன் எப்படித் தப்பித்தான் என்பதைச் சொல்லக் கடமைப்பட்டவன் என்று, ஆஷ்விட்ஸிலிருந்து மீண்ட இன்னொரு எழுத்தாளரான ஸோஃபியா கொஸ்ஸாக்கின் நூலைச் சாடும்போது வாதாடினார். பலன்? போலந்தில் கத்தோலிக்கப் பத்திரிகைகள் அவரை நம்பிக்கையற்றவர், ஒழுக்கமற்றவர் என்று தூற்றின.

இதற்கு நேர் எதிர்முனையில் இன்னொரு புத்தகம். 1995இல் பின்யமின் வில்கோமிர்ஸ்கி என்ற பெயரில் ஜெர்மன் மொழியில் வந்தது. ரிகாவில் பிறந்த யூதக் குழந்தை, மைதானெக்கிலும் ஆஷ்விட்ஸிலும் கண்டதைத் துண்டு துண்டாக நினைவுகூர்வதாகச் சொன்னது. பரிசுகள் குவிந்தன, அமெரிக்காவின் தேசிய யூத நூல் பரிசும் அதில் ஒன்று. 1998இல் டானியல் கன்ஸ்ஃப்ரீட் என்ற எழுத்தாளர் குட்டை உடைத்தார். 1999இல் வரலாற்றாய்வாளர் ஷ்டெஃபான் மெக்லர் ஆவணங்களோடு உறுதி செய்தார்: ஆசிரியர் ஸ்விட்சர்லாந்தில் பிறந்தவர், யூதரல்ல, எந்த முகாமிலும் அடைபட்டவரல்ல. பதிப்பகம் நூலை விலக்கிக்கொண்டது. அவர் தெரிந்தே பொய் சொன்னாரா, தானே நம்பிக்கொண்டாரா என்பது வேறு விவகாரம். படித்தவர்கள் ஏன் நம்பினார்கள் என்பதே என் கேள்வி.

அவர்கள் எதிர்பார்த்துக் காத்திருந்த சாட்சியை அவர் கொடுத்தார் என்பது என் பதில். களங்கமற்ற குழந்தை, எதற்கும் பொறுப்பில்லாத வேதனை, வாசகனைக் குற்றம் சொல்லாத கண்கள். பாதிக்கப்பட்டவன் பரிசுத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஒரு முன்தீர்ப்பு. துவேஷத்தின் மறுபக்கம் அது. துவேஷிக்கிறவன் ஒரு ஜனக்கூட்டத்தையே அசுத்தம் என்கிறான். இரங்குகிறவன் அதையே புனிதம் என்கிறான். மனிதனாக இருக்க இரண்டு பேரும் விடுவதில்லை. இந்த முன்தீர்ப்பு இருக்குமட்டும் போலிகளுக்குப் பஞ்சம் இராது. ஒவ்வொரு போலி அம்பலமாகும்போதும், அறுபது லட்சம் பேர் கொல்லப்பட்டதையே மறுக்கிற கயவர்களுக்குக் கொண்டாட்டம்.

அப்படியானால் கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒன்றா என்று ஒருவர் கேட்கக்கூடும். கதையைப் படிக்காதவர்தான் அப்படிக் கேட்பார். அந்த ரயில் மேடையைக் கட்டியது யார், துப்பாக்கி யார் கையில் என்பதைப் பொரோவ்ஸ்கி ஒரு வரியிலும் மறக்கவிடுவதில்லை. கொலையை மட்டும் செய்து திருப்தி அடையாமல், கொல்லப்படாதவனையும் தன் கூட்டாளியாக்கியதுதான் முகாமின் முழுக் குற்றம். கைதியைக் கழுவித் துடைத்துக் காட்டுகிற விமர்சகர் அந்தக் குற்றத்தில் பாதியைத் தள்ளுபடி செய்கிறார்.

1951 ஜூலையில், இருபத்தெட்டு வயதில், வார்சாவில் தன் வீட்டுச் சமையல் வாயுவைத் திறந்துவிட்டுப் பொரோவ்ஸ்கி தற்கொலை செய்துகொண்டார். இதைக் கதைக்கு உருக்கமான கடைசிப் பத்தியாக ஒட்டவைக்கும் மதிப்புரைகளையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அது வேண்டாம். அவர் எழுதியதைப் படித்தால் போதும். படித்து முடித்ததும் நம்மைப் பற்றி நமக்கு நல்ல அபிப்பிராயம் மிஞ்சியிருந்தால், மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டும்.