அதிர்ஷ்டம் இருந்தால் தெரியும்

கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து நானும் என் மனைவியும் அந்தமானுக்குப் போய் வந்தோம். போன இடத்தில் ஒரு தவறு செய்தோம். சட்டத்துக்கு விரோதமான காரியமல்ல. பெயரெழுதிக் கொடுத்து, அடையாள அட்டையைக் காட்டி, போலீஸ் காவலோடு செய்த காரியம். சட்டவிரோதமாக இருந்திருந்தால் அதைப் போலீஸாரே கவனித்துக்கொள்வார்கள். நான் எழுத வேண்டியதில்லை.

ஏஜண்ட் கொடுத்த தாளில் முதல் நாள் மாலை செல்லுலார் ஜெயில், மறுநாள் பாரடாங் என்று போட்டிருந்தது. எல்லாருடைய தாளிலும் அப்படித்தான் போட்டிருக்கும்.

1906-இல் கட்டி முடித்த அந்தச் சிறையில், ஏழு வரிசைக் கட்டடங்களில் மூன்றுதான் இன்று மிஞ்சியிருக்கின்றன. இருட்டிய பிறகு அதன் முன்னே உட்காரவைத்து, விளக்குப் போட்டு, குரல் கொடுத்துக் கதை சொல்கிறார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன். எவனோ ஓர் அந்நியன் நம் மண்ணுக்கு வந்து நம்மை என்ன பாடுபடுத்திவிட்டான் என்று எல்லாருக்கும் நெஞ்சு பொங்கியது.

மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு, அதே கூட்டம் வேன்களில் ஏறிக்கொண்டு, இன்னொருவர் மண்ணை வேடிக்கை பார்க்கப் புறப்பட்டது.

போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து வடக்கே போனால் ஜிர்காட்டாங் சோதனைச் சாவடி. அதைத் தாண்டி ஏறக்குறைய 50 கிலோமீட்டர் சாலை ஜாரவா மக்களின் காட்டை ஊடுருவிக்கொண்டு போகிறது. வண்டிகளை வரிசையாகச் சேர்த்து, குறித்த நேரத்தில் காவலோடு அனுப்புகிறார்கள். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தின்பண்டம் கொடுக்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையே போதும், அங்கே என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள.

எங்கள் டிரைவர் தமிழர், நல்ல மனிதர். கிளம்பும்போதே சொன்னார்: "அதிர்ஷ்டம் இருந்தா தெரிவாங்க சார். போன வாரம் ரெண்டு தடவை தெரிஞ்சாங்க."

இதே வாக்கியத்தை நான் முதுமலையில் கேட்டிருக்கிறேன். அங்கே அது புலியைப் பற்றி.

எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. ஒரு திருப்பத்தில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் சாலையோரம் நின்றாள். நிறுத்தக் கூடாது என்ற விதியை ஒருவரும் மீறவில்லை; வண்டிகள் நடைவேகத்துக்கு வந்தன, அவ்வளவுதான். பின் சீட்டில் இருந்த புது மாப்பிள்ளை செல்போனைத் தூக்கினான். டிரைவர் அதட்டினார். நான் என்ன செய்தேன்? நாற்பது வருஷத்துக்கு மேல் உலகத்தைப் பார்த்து, மனிதர்களைப் பற்றியே கதை எழுதிப் பிழைக்கிற நான், எட்டி எட்டிப் பார்த்தேன்.

என் மனைவி பார்க்கவில்லை. வண்டி வேகம் எடுத்த பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, நம்ம வீட்டு வாசல்ல தினமும் நூறு வண்டி இப்படி நகர்ந்து நகர்ந்து போனா, நீங்க சும்மா இருப்பீங்களா?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனைக்கும் நாங்கள் எதைப் பார்க்கப் போனோம்? ஒரு சுண்ணாம்புக் குகை. சேற்றில் எப்போதாவது ஒரு குமிழி விடுகிற மண் எரிமலை. இவ்வளவுதான் பாரடாங். குகைக்காக ஒருவரும் மூன்று மணிக்கு எழுந்திருக்கவில்லை ஐயா! வழியில் அதிர்ஷ்டம் அடிக்கும் என்றுதான் எழுந்தோம். ஒப்புக்கொள்ள வெட்கமாக இருப்பதால் குகை என்று சொல்லிக்கொள்கிறோம்.

ஆதிவாசிகளைக் காக்க 1956-இலேயே சட்டம் வந்துவிட்டது. 1970-களில் அவர்கள் காட்டுக்குள்ளேயே சாலை போட்டார்கள். அந்தப் பகுதியை மூட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2002-இல் உத்தரவிட்டது. மூடவில்லை. 2012-இல் ஒரு வீடியோ வெளியாயிற்று. தின்பண்டத்துக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் குரலை உலகம் முழுவதும் கேட்டது. 2013 ஜனவரியில் உல்லாசப் பிரயாணிகளுக்குத் தடை வந்தது. சில வாரங்களில் போயும் போயிற்று. வண்டிகள் மறுபடியும் வரிசையில் நின்றன.

"அந்தச் சாலையை நம்பி மத்திய அந்தமானில் ஜனங்கள் இருக்கிறார்களே!" என்பார்கள். உண்மை. ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளியையோ, பரீட்சைக்குப் போகிற பையனையோ நான் குறை சொல்லவில்லை. கப்பல்களைப் பெருக்கி அவர்களுக்கும் கடல் வழியை ஒழுங்காகச் செய்து கொடுப்பது சர்க்காரின் கடமை. ஆனால் அந்த நோயாளியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நாம் உல்லாசமாகப் போகலாமா என்பதே என் கேள்வி.

"எத்தனை நாளைக்கு அவர்களைக் காட்டிலேயே வைத்திருப்பது? நாகரிகம் வர வேண்டாமா?" என்று இன்னொருவர் கேட்பார். நாகரிகம் ஒரு தடவை வந்து பார்த்தது. 1858-இல் வெள்ளைக்காரன் அங்கே கைதிகளைக் குடியேற்றியபோது, பெரிய அந்தமானியர் எனப்படும் மக்கள் ஐயாயிரத்துக்கு மேல் இருந்தார்கள் என்பது கணக்கு. துப்பாக்கியும் நோயும் போனது போக, 2011 ஜனத்தொகைக் கணக்கில் அவர்கள் 44 பேர். அவர்களில் போவா சீனியர் என்ற மூதாட்டி 2010-இல் காலமானார். போ என்ற மொழியைப் பேச அவருக்குப் பிறகு ஆளில்லை. கடைசிக் காலத்தில் அந்த மொழியில் பதில் சொல்ல ஒருவருமின்றி அவர் வாழ்ந்திருக்கிறார். மொழிக்காக மார்தட்டுகிற நாம் இதை ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா?

2011-இல் ஜாரவாக்கள் 380 பேர். 1997, 98 வாக்கில் அவர்கள் அம்பை வைத்துவிட்டுத் தாமாக வெளியே வரத் தொடங்கினார்கள். 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நம் இருமலும் தும்மலும் அவர்களுக்குப் புதிது. எங்கள் கல்யாணத்துக்கு வந்திருந்த கூட்டம் அவர்களுடைய மொத்த ஜனத்தொகையைவிட அதிகம். அவர்கள் எப்படி வாழ வேண்டும் என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து நாம் தீர்மானிக்க வேண்டாம்.

அந்தமானுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கணவனும் மனைவியுமாகப் போங்கள். ராதாநகர்க் கடற்கரையில் சூரியன் இறங்குவதைப் பாருங்கள். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் ஏஜண்ட் தாளை நீட்டும்போது, பாரடாங் என்ற வரியைப் பேனாவால் அடித்துவிடுங்கள். அவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. பத்துப் பேர் அடித்தால் யோசிப்பார். ஆயிரம் பேர் அடித்தால் வரியே அச்சாகாது. கோர்ட்டுக்கு முடியாமல் போனது பேனாவுக்கு முடியும்.

நான் அடிக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.