காணி யாருடையது என்பதல்ல கேள்வி

ஓய்வுபெற்ற பிறகும் காம்பராவை விடவில்லை என்று நிர்வாகம் பொலிசில் முறைப்பாடு செய்கிறது. “காணி எங்களுடையது” என்பது மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்காது. தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவு உறுதியைப் பார்ப்பதில்லை. இடம் உண்மையில் யார் வசம் இருந்தது, குற்றம் செய்யவோ மிரட்டவோ அவமதிக்கவோ தொந்தரவு கொடுக்கவோ எண்ணி அங்கு நின்றாரா என்றே பார்க்கிறது.

கேகாலை உருளவள்ளித் தோட்டத்தை அரசு எடுத்து, தொழிலாளரை வெளியேறச் சொன்னது. மறுத்த செல்வநாயகத்துக்கு எதிராகத் தீர்ப்பு விழுந்தது. 1950இல் கோமறைக் கழகம் அதை நீக்கியது: லயக் காம்பரா துரை வசம் இருக்கவில்லை; செல்வநாயகம் நின்றது தன் வீட்டுக்காக, யாரையும் தொந்தரவு செய்ய அல்ல. நம்மவர் பெற்ற தீர்ப்பு, நம்மில் பலருக்கே தெரியாது.

காம்பராவை மீட்க நிர்வாகம் சிவில் வழக்குப் போடலாம், அது வேறு. பொலிஸ் கூப்பிட்டால் எத்தனை வருடமாகக் குடியிருக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். ஏச்சுப்பேச்சு வேண்டாம். விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பம் வைக்காதீர்கள்.