மலைக்கு எந்த வண்டி?

தேர்வு முடிந்து விடுமுறை நெருங்கும் காலத்தில் நம் விடுதிகளில் இரண்டு விவாதங்கள் எழுவது வழக்கம். ஊருக்கு எந்த ரயிலில் போவது என்பது ஒன்று. லடாக்குக்கு எந்த மோட்டார் சைக்கிளில் போவது என்பது மற்றொன்று. முதல் விவாதத்தை ரயில்வேக்காரர்களே முடித்து வைத்து விடுகிறார்கள். கிடைத்த இடத்தில் ஏறிக்கொள்கிறோம். இரண்டாவது விவாதம்தான் நள்ளிரவு தாண்டியும் முடிகிறதில்லை.

இது வீண் பேச்சு என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. தில்லியில் படிக்கும் நமக்கு இமயமலை ஒரு பகல் தொலைவில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த ஒருவனுக்கு இப்படிப்பட்ட வாய்ப்பு வாழ்நாளில் மீண்டும் கிட்டுமோ, கிட்டாதோ! மலையைப் பார்க்க வேண்டும் என்னும் ஆசையில் தவறில்லை. ஆனால் அந்த ஆசைக்கு நம்மில் பலர் செலவிடப் போவது தாம் ஈட்டிய பணத்தை அன்று. தந்தையின் சேமிப்பை, அல்லது வட்டிக்கு வாங்கிய கடனை. ஆதலால் வாங்குவதற்கு முன் வண்டிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது கடமை. எப்படி ஒப்பிடுவது என்பதில்தான் நம் நண்பர்களோடு நான் மாறுபடுகிறேன்.

விவாதத்தில் பெரும்பாலும் எதிரெதிரே நிற்பவை இரண்டு வண்டிகள். ஒன்று ராயல் என்பீல்டு நிறுவனத்தின் ஹிமாலயன் 450. இது 2023 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. எஞ்சின் 452 சி.சி.; ஆற்றல் ஏறத்தாழ 40 குதிரைச் சக்தி; எடை 196 கிலோ. மற்றொன்று ஹீரோ நிறுவனத்தின் எக்ஸ்பல்ஸ் 200. இது 2019-ல் வந்தது. நான்கு வால்வு எஞ்சின் 2021-ல் சேர்க்கப்பட்டது. ஆற்றல் ஏறத்தாழ 19 குதிரைச் சக்தி. எடை ஏறத்தாழ 159 கிலோ. 2025-ல் இதற்கு 210 சி.சி. அண்ணன் ஒருவனும் வந்திருக்கிறான். நான் சொல்லப் போவது பெரும்பாலும் அவனுக்கும் பொருந்தும்.

விலையில் முதல் வண்டி இரண்டாவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. எனினும் நம் விடுதியில் வாக்கெடுப்பு நடத்தினால் முதல் வண்டியே வெல்லும். அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதற் காரணம், வெளிப்படையாகச் சொல்லப்படாதது: அது நம் ஊர் வண்டி! 1955-ல் சென்னையில் கால் ஊன்றிய நிறுவனம். இன்றும் சென்னைக்கு அருகிலேயே வண்டிகளைச் செய்கிறது. வடக்கே வந்து வாழும் நமக்கு அந்தப் பெயரைக் கண்டதும் நெஞ்சு நிமிர்வது இயல்பே. எனக்கும் நிமிரத்தான் செய்கிறது. ஆனால் ஊர்ப் பற்று வேறு, வண்டித் தேர்வு வேறு. வழுக்கும் சேற்றில் சக்கரம் சறுக்கும்போது, வண்டி செய்யப்பட்ட ஊர் எது என்று சேறு கேட்பதில்லை.

இரண்டாவது காரணம் விஞ்ஞானத்தின் பெயரால் சொல்லப்படுகிறது. “மலை ஏறப் பெரிய எஞ்சின் வேண்டும், உயரத்தில் காற்று மெலிந்துவிடும், சிறிய வண்டி மூச்சுத் திணறி நின்றுவிடும்” என்கிறார்கள். இதில் பாதி உண்மை. மணாலியிலிருந்து லே செல்லும் வழியில் உள்ள தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டியே இருக்கும். எஞ்சினின் ஆற்றலும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறையும். பெட்ரோலை அளந்து செலுத்தும் இன்றைய கருவி, காற்றுக்குத் தக்கபடி எரிபொருளைக் குறைத்துக் கலவையைச் சரிசெய்யும். இல்லாத காற்றை அதனால் உண்டாக்க முடியாது. ஆக, 40 குதிரைகள் 20-ஐ ஒட்டி நிற்கும். 19 குதிரைகள் 10-ஐ ஒட்டி நிற்கும்.

ஆனால் அந்த 10 போதுமா, போதாதா? இங்கேதான் நம் விவாதம் நின்றுவிடுகிறது. கணக்குப் போட யாரும் முன்வருவதில்லை. வண்டி, ஓட்டுபவர், மூட்டை எல்லாம் சேர்த்து 250 கிலோ என்று கொள்வோம். நூறு மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் ஏற்றம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். அந்த வளைவுகளில் அதற்கு மேல் போவது அறிவுடைமை ஆகாது. இந்த எடையை இந்த ஏற்றத்தில் தூக்கிச் செல்ல இரண்டு குதிரைச் சக்திக்குச் சற்று அதிகமாக இருந்தால் போதும். பின்னால் ஒருவர் அமர்ந்து, மூட்டையும் கூடி, 330 கிலோவாகி, வேகம் 40 ஆனாலும் நான்குதான். சேற்றுக்கும் கல்லுக்கும் என்று அதையும் இரட்டிப்பாக்குங்கள், எட்டு. சிறிய வண்டியிடம் பத்து இருக்கிறது. தாராளம் என்று சொல்ல மாட்டேன். கியரைக் குறைத்து, பொறுமையோடு ஏற வேண்டும். ஆனால் நின்றுவிடாது.

பின் பெரிய எஞ்சின் எதற்கு? மலைக்கு அன்று, சமவெளிக்கு! வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. என் தோராயக் கணக்கில், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் இத்தகைய வண்டிக்கு மணிக்கு 80 கிலோமீட்டரில் காற்றை வெல்ல 5 குதிரைச் சக்தி வேண்டும். 100-ல் 10 வேண்டும். 120-ல் 17 வேண்டும். ஆகவே தில்லியிலிருந்து சண்டிகர் போகும் நெடுஞ்சாலையில் 120-ல் பறக்க நினைப்பவருக்குச் சிறிய வண்டி உதவாது. ஆனால் நான்கு வழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு 2018-ல் மத்திய அரசு வகுத்த உச்ச வேகம் 80 என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். சட்டம் ஓட்டவிடாத வேகத்துக்கு இரு மடங்கு விலை கொடுப்பது என்ன கணக்கு?

பெரிய வண்டியின் பக்கம் உள்ள நியாயத்தையும் மறைக்கக் கூடாது. நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது கையில் மிச்ச ஆற்றல் இருப்பது பாதுகாப்பு. அதன் பிரேக் அமைப்பில் இரு சக்கரங்களுக்கும் பூட்டுத் தடுப்பு இருக்கிறது. கற்சாலையில் பின்சக்கரத்துக்கு மட்டும் அதை நிறுத்திக்கொள்ளலாம். சிறிய வண்டியில் முன்சக்கரத்துக்கு மட்டுமே அந்த வசதி. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு நாளெல்லாம் போவதற்கும் பெரிய வண்டியே சுகம். டியூப் இல்லாச் சக்கரமும் கூடுதல் விலைக்கு 2024 முதல் அதற்குக் கிடைக்கிறது. வழியில் ஆணி ஏறினால் அதன் அருமை தெரியும். மாதந்தோறும் இருவராக நீண்ட நெடுஞ்சாலைப் பயணம் போகிறவர், கையில் பணமும் உள்ளவர் அதை வாங்கட்டும். அவரிடம் எனக்கு வழக்கில்லை.

ஆனால் வேறு சில பெருமைகள் காகிதத்தில் மட்டுமே பெரியவை. பெட்ரோல் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 17 லிட்டர், மற்றொன்றில் 13 லிட்டர். கேலாங் அருகே தாண்டி என்னும் இடத்தில், அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று அறிவித்த பலகை பயணிகளிடையே புகழ்பெற்றது. அந்தத் தொலைவை ஒரே நிரப்பலில் கடக்கப் பெரிய வண்டி லிட்டருக்கு 21½ கிலோமீட்டர் கொடுத்தால் போதும். சிறியது 28 கொடுத்தால் போதும். இரண்டும் நிதானமாக ஓட்டினால் அதற்கு மேலேயே கொடுக்கும். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி ஒன்றில் 230 மில்லிமீட்டர், மற்றொன்றில் 220. முன்சக்கரம் இரண்டிலும் 21 அங்குலம். இந்த வேறுபாடுகளை வைத்து இரவைக் கழிப்பது வீண்.

யாரும் பேசாத ஒன்றுதான் என் எண்ணத்தில் முதன்மையானது. அதுதான் எடை. இரண்டு வண்டிகளுக்கும் இருக்கை உயரம் 825 மில்லிமீட்டர். நம்மில் பலர் ஐந்தரை அடிக்கு உட்பட்டவர்கள். மாணவியர் பலருக்கு நுனிக்கால்தான் தரையில் படும். ஓடும் வண்டி விழுவதில்லை. நிற்கும் வண்டிதான் பெரும்பாலும் விழுகிறது. திருப்பத்தில், சரளைக் கல்லில், கால் ஊன்றும் இடத்தில் பள்ளம் இருந்தால் போதும். விழுந்த வண்டியைத் தூக்க வேண்டும். எடையில் உள்ள வேறுபாடு 37 கிலோ. அதாவது 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றும் அதன் மேல் ஒரு வாளித் தண்ணீரும். இங்கே, தில்லித் தெருவில் விழுந்தால் நாலு பேர் ஓடி வருவார்கள். அங்கே யார் வருவார்கள்? ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் எஞ்சினுக்கு எவ்வளவு காற்றுக் குறைவோ, அதை ஓட்டுபவனின் நுரையீரலுக்கும் அவ்வளவு குறைவு. எஞ்சினின் ஆற்றல் பாதியாவதை வாய் ஓயாமல் பேசும் நாம், நம் தோள்களின் ஆற்றல் குறைவதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை!

அடுத்தது பணம். கடையில் சொல்லும் விலையோடு கதை முடிவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், 350 சி.சி.க்கு உட்பட்ட வண்டிகளுக்குச் சரக்கு சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவைக்கு, கூடுதல் தீர்வையும் சேர்ந்து 31 ஆக இருந்தது 40 ஆக உயர்ந்தது. இரு வண்டிகளுக்கும் இடையே இருந்த பள்ளத்தை அரசே அகலப்படுத்திவிட்டது. புதிய வண்டிக்கு ஐந்தாண்டுக்கான மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம்; 2022-ல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி 150 முதல் 350 சி.சி. வரை 7,365 ரூபாய். அதற்கு மேல் 15,117 ரூபாய்.

நம்மைப் போல் வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு செலவும் உண்டு. படிப்பு முடிந்து வண்டியை ஊருக்குக் கொண்டுபோய் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால், இங்கே ஆட்சேபணையில்லாச் சான்று பெற்று, அங்கே புதுப் பதிவு செய்து, சாலை வரியும் கட்ட வேண்டும். வரி வண்டியின் விலையை ஒட்டியது. விலை பெரிதானால் வரியும் பெரிது. சில அலுவலர்களுக்கு உள்ள ‘பாரத்’ வரிசைப் பதிவு மாணவர்களுக்கு இல்லை. இரண்டாண்டுப் படிப்புக்கு வந்தவர் இதை வாங்கும் நாளிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே என் முடிவு இது. நம்மில் பெரும்பாலோருக்கு, ஆண்டில் ஒருமுறை மலைக்கும் மற்ற நாட்களில் ஆய்வுக்கூடத்துக்கும் போகிறவர்களுக்கு, சிறிய வண்டியே தக்கது. மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை ஐ.எஸ். 4151 முத்திரை பெற்ற முகம் மூடிய நல்ல தலைக்கவசத்துக்கும், முழங்கால் காப்புக்கும், கணுக்கால் மூடும் காலணிக்கும் செலவிடுங்கள். மிகுந்ததை வீட்டுக்கே திருப்பி அனுப்புங்கள். அங்கே அதற்கு வேலை இருக்கும்.

என் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு வண்டிகளையும் ஒவ்வொரு நாள் வாடகைக்கு எடுங்கள். மூட்டையைக் கட்டி, நண்பரையும் ஏற்றி, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பிறகு மைதானத்தில், உரியவரின் இசைவோடு, புல் தரையில் மெல்லச் சாய்த்துப் படுக்கவைத்து, துணையின்றித் தூக்கிப் பாருங்கள். எது எழுகிறதோ, அதுவே உங்கள் வண்டி. இரண்டும் எழுந்தால் பணப்பையைக் கேளுங்கள். அது பொய் சொல்லாது.

நண்பர்களே, மலை எங்கும் ஓடிவிடாது. அடுத்த விடுமுறையிலும் அது அங்கேயே நிற்கும். போய்ப் பார்த்துத் திரும்பி வந்து, கடன் சுமையின்றித் தேர்வு எழுத உட்காரும்படி நம் தேர்வு அமையட்டும்.