கோராப் படமும் நமது சங்கங்களும்

சேலைகளை இணையத்தின் வழியே விற்கத் தொடங்கியது முதல், நாம் அறிந்த நெசவாளர் சங்கங்கள் சிலவற்றில் ஒரே முறையீடு திரும்பத் திரும்பக் கேட்கிறது. துணியில் குற்றமில்லை, நீளத்தில் குறைவில்லை, சரிகையில் கலப்பில்லை. ஆயினும், “படத்தில் கண்ட நிறம் வேறு, வந்து சேர்ந்த நிறம் வேறு” என்று எழுதிச் சேலையைத் திருப்பி அனுப்புகிறார்கள். அனுப்பிய செலவும், திரும்பி வந்த செலவும் சங்கத்தின் தலையில் விழுகின்றன.

நமது சங்கத்திலேயே சென்ற தீபாவளிக்கு முன் இது நேர்ந்தது. நீலப் பாவும் பச்சை ஊடையும் கூடுமிடத்தில் பிறப்பது மயில்கழுத்து நிறம் என்பதை அங்கத்தினர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. அந்நிறச் சேலைகளைக் குழல்விளக்கின் கீழ்க் கைப்பேசியால் படமெடுத்தோம். படத்தில் அவை வெறும் பாசிப் பச்சையாய் நின்றன. பிறகு கணினியில் வைத்துத் திருத்தினோம். சேலைக்கு நீலம் வந்தது, ஆனால் சரிகை சாம்பல் பூத்தது. சரிகையைச் சரி செய்தால் சேலை கெட்டது. பாதிச் சேலைகள் திரும்பின. பிழை நெய்தவருடையதன்று, ஆயினும் சரக்குத் தேங்கியதால் அவருக்கு அடுத்த பாவு கிடைக்கத் தாமதமாயிற்று.

இந்தத் திருத்தம் ஏன் பலிக்கவில்லை என்பதை நாம் பின்னர்தான் அறிந்தோம். சாதாரணமாகக் காமிரா நமக்குத் தருவது ஜேபெக் என்னும் முடிந்த படம். ஒளியின் நிறம் இன்னதென்று காமிராவே ஊகித்து, மாறுபாட்டைக் கூட்டி, தனக்கு வேண்டாதவற்றைக் கழித்து, சுருக்கிக் கட்டிக் கொடுக்கும் சரக்கு அது. அதே காமிரா, கேட்டால், தன் உணர்வியில் விழுந்த ஒளியின் அளவுகளை அப்படியே தரவும் செய்யும். அதற்கு ‘ரா’ என்று பெயர். நம்மவர் மொழியில் சொன்னால் அது கோரா நூல். ஜேபெக் சாயம் ஏறிய நூல். கோராவுக்கு எச்சாயமும் ஏற்றலாம். ஏறிய சாயத்தின்மேல் வேறொன்று ஏற்றினால் என்ன ஆகும் என்பது சாயப்பட்டறைக்காரருக்குத் தெரியும்.

கணக்கும் இதையே சொல்லுகிறது. ஜேபெக்கில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகளே உண்டு. ராவில் 12 பிட் காமிராவுக்கு 4,096 படிகள். 14 பிட்டுக்கு 16,384. சரிகை பளிச்சென்று வெளுத்துப்போன இடத்திலும், அரக்குச் சேலையின் மடிப்பு இருண்ட இடத்திலும், ராவில் இன்னும் விவரம் ஒளிந்திருக்கக் காணலாம். முற்றிலும் எரிந்துபோன சரிகையை எதுவும் மீட்காது. ஆகவே ஒளியைச் சற்றுக் குறைத்தே எடுப்பது நலம். ஒளியின் நிறமோ ராவில் முடிவு செய்யப்படுவதே இல்லை. சேலையின் அருகே ஒரு சாம்பல் அட்டையை வைத்து முதல் படத்தை எடுத்தால், பிறகு அந்த அட்டையைத் தொட்டுக் காட்டி முழு வரிசைக்கும் நிறத்தைச் சரி செய்துகொள்ளலாம். சில கத்தரிப்பூ நிறங்களை மட்டும் காமிரா நீலமாகவே காணும். அங்கே சேலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணால்தான் தீர்க்க வேண்டும்.

பயிரிடும் அங்கத்தினர்களுக்கு இவ்வளவும் வேண்டுமா? இலைப்புள்ளியைப் படமெடுத்து வேளாண் அதிகாரிக்கு அனுப்பக் கைப்பேசியின் சாதாரணப் படமே போதும். மஞ்சளையும் மிளகாயையும் நிறத்துக்காக விற்பவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

கோரா நூலை யாரும் அப்படியே உடுத்துவதில்லை. ராவையும் ஒரு மென்பொருளில் இட்டுப் படமாக்க வேண்டும். எதைத் தேர்வது என்பதில்தான் நமக்குத் திட்டமான அபிப்பிராயம் உண்டு.

கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வகுத்து 1976இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, பெரும்பாலான காமிராக்களில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே நிறத்தை அளக்கிறது: பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் ஊகிக்கிறது. நுண்ணிய நூலோட்டமுள்ள துணியில் இந்த ஊகம் தவறினால், நெய்யாத வரிகளும் வானவில் பூச்சும் படத்தில் தோன்றும். நெசவாளனுக்கு இதைவிட அவமானம் வேறென்ன? ஆகவே ஊகிக்கும் முறையை மாற்றிப் பார்க்க இடம் தரும் மென்பொருளே நமக்கு ஏற்றது. ராதெரப்பி அத்தகையது, பல முறைகளை அதில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

கேனனும் நிக்கானும் தத்தம் காமிராக்களுக்கு இலவச மென்பொருள் தருகின்றன. தொடங்குவோருக்கு அவை நல்லவை. காமிராவை மாற்றினால் பயன்படா. அடோபியின் லைட்ரூம் திறமையானது, பழகவும் எளிது, மறுப்பதற்கில்லை. ஆனால் விலை கொடுத்துச் சொந்தமாக்கிக் கொள்ளக்கூடிய கடைசிப் பதிப்பு 2015இல் வந்த ஆறாம் பதிப்பே என்று அந்நிறுவனம் 2017இல் அறிவித்துவிட்டது. இப்போது அது வாடகை. வாடகை நின்றால் படங்களைப் பார்க்கலாம், திருத்தும் அறை பூட்டிக்கொள்ளும். தறியைச் சொந்தமாக்கிக்கொள்ளச் சங்கம் கண்ட நாம், படத்தறிக்கு மாதந்தோறும் வாடகை கட்டுவதா?

இது வெறும் அச்சமன்று. ஆப்பிள் நிறுவனம் 2005இல் அப்பெர்ச்சர் என்னும் மென்பொருளை வெளியிட்டது. பலர் அதை நம்பி ஆண்டுக்கணக்கில் திருத்தங்களைச் சேர்த்தனர். 2014இல் அதன் வளர்ச்சி நிறுத்தப்பட்டது. 2019இல் வந்த கேட்டலினா இயங்குதளத்தில் அது ஓடவே இல்லை. மூலப் படங்கள் தப்பின. உழைத்த திருத்தங்களை முழுமையாக வேறிடத்துக்குக் கொண்டுபோக வழியில்லாமற் போயிற்று.

ஆகவே டார்க்டேபிள், ராதெரப்பி ஆகிய இரண்டில் ஒன்றையே நாம் பரிந்துரைக்கிறோம். 2009 முதல் வரும் டார்க்டேபிளும், 2010இல் மூலநிரல் திறந்துவிடப்பட்ட ராதெரப்பியும் எவரும் காசின்றிப் பெறத்தக்கவை. பயன்படுத்துவோரே கூடித் திருத்தி வளர்ப்பவை. இதைக் கூட்டுறவு என்று நாம் சொன்னால் எவரும் சண்டைக்கு வரமாட்டார். திருத்தக் குறிப்பைப் படத்தின் அருகிலேயே தனிக் கோப்பாக எழுதி வைப்பதால் மூலம் தீண்டப்படுவதில்லை. குறையும் உண்டு. முதன்முதலில் திறப்பவருக்குப் படம் மங்கலாய்த் தோன்றும். பொத்தான்களின் கூட்டம் கண்ணைக் கட்டும். ஒரு மாதமாவது பொறுமை வேண்டும். நமது சங்கத்தில் இதைக் கற்றவர் கணக்கெழுதும் இளைஞர் ஒருவரே. அவர் விடுப்பெடுத்தால் வேலை நிற்கிறது. குறைந்தது இருவர் கற்க வேண்டும்; ஒருவர் தறியறிந்தவராயிருந்தால் நிறத்தில் ஏமாற மாட்டார்.

நிறத்தை ஏற்றிக் காட்டும் பொத்தான் மென்பொருள் எதிலும் உண்டு. அதைத் தொடும் கை, கஞ்சி போட்டுத் துணிக்குக் கனம் காட்டும் கைக்கு உறவு. வாங்குவோரின் கைப்பேசித் திரைகள் வேறுபடும் என்பது உண்மையே. அதற்காகப் படத்தின் கீழே பாவு நிறம் இன்னது, ஊடை நிறம் இன்னது என்று எழுதினால் போதும்.

ரா கோப்பு பெரிது. 24 மெகாபிக்சல் காமிராவில் ஒரு படமே 25 முதல் 30 மெகாபைட் வரை ஆகும். ஆகவே அடுத்த பொதுக்குழுவில் ஒரு சாம்பல் அட்டைக்கும் இரண்டு வன்தட்டுகளுக்கும் செலவு ஒதுக்குமாறு நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்ளுகிறோம். ஒன்று அலுவலகக் கணினியோடு இருக்கட்டும். மற்றொன்றைப் பங்குப் பதிவேடு இருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்து நகலெடுக்கும் பொறுப்பை யாரிடம் தருவது என்பதையும் அன்றே முடிவு செய்ய வேண்டும்.