கல்யாணப் பத்திரிகையில் தமிழுக்கு மட்டும் ஏன் கஞ்சத்தனம்?

மத்திகிரியில் ஒரு கல்யாணம் என்றால் பத்திரிகை ஒரே மொழியோடு நிற்பதில்லை. ஓசூர்ப் பக்கத்து வீடுகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். சிப்காட் கம்பெனியில் கூட வேலை பார்ப்பவர்களுக்கும் பெங்களூர் சொந்தங்களுக்கும் ஆங்கிலம் வேண்டும். அதனால் ஒரு பக்கம் தாய்மொழி, மறுபக்கம் ஆங்கிலம் என்று அடிக்கிறார்கள்.

அப்படி ஒரு பத்திரிகையில் ஆங்கிலப் பக்கத்தையும் தமிழ்ப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆங்கிலப் பக்கத்தில் மணமக்கள் பெயர் கொடி படர்ந்தது போல வளைந்து நெளிந்து ஓடும். தமிழ்ப் பக்கத்திலோ அதே பெயர்கள் ரேஷன் கார்டில் இருப்பது போல தடித்து நிற்கும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் சாய்வு பட்டனை அமுக்கி, ‘ப’வும் ‘ம’வும் விழப்போகிற சுவர் மாதிரி சாய்ந்திருக்கும்! பாட்டியும் தாத்தாவும் படிக்கும் பக்கம் அதுதான்.

காரணம் கேட்டால், “தமிழ் எழுத்துக்கு அந்த வளைவு வராதுங்க” என்று பதில் வரும். இது சரியா?

ஆங்கிலத்தின் அழகு தானாக வந்ததல்ல. 17-ஆம் நூற்றாண்டில் சார்லஸ் ஸ்னெல் என்ற எழுத்தாசிரியர் இறகுப் பேனாவால் எழுதிக் கற்றுக்கொடுத்த கையெழுத்தைப் பார்த்துத்தான், 1966-ல் மாத்யூ கார்ட்டர் ‘ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்’ எழுத்துருவை வரைந்தார். ஹெர்மன் சாப்ஃப் 1998-ல் வெளியிட்ட ‘சாப்ஃபினோ’வில் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் உண்டு, பக்கத்தில் வரும் எழுத்துக்கு ஏற்ப வால் நீளும், சுருங்கும். அந்த நளினத்துக்குப் பின்னால் பேனா பிடித்த கைகளின் பல வருட உழைப்பு இருக்கிறது.

தமிழின் கதை வேறு. இங்கே பல நூற்றாண்டுகள் எழுதியது ஓலையில், எழுத்தாணியால். கீறிவிட்டு மை தடவும் முறையில் கோடு மெல்லியதாக, ஏறக்குறைய ஒரே கனத்தில்தான் வரும். இறகுப் பேனாவின் தடிப்பும் மெலிவும் அதில் கிடையாது. ஆனால் வளைவுக்குப் பஞ்சமே இல்லை. ‘வட்டெழுத்து’ என்ற பெயரே போதும். தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து நடுகற்களில் அந்த எழுத்து இன்றும் இருக்கிறது. மத்திகிரி இருக்கும் இந்த மண்ணிலேயே, செத்துப்போன வீரனுக்கு மரியாதை செய்ய வளைந்த எழுத்தைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு மட்டும் அந்த வளைவு வராதா?

‘திருமண அழைப்பிதழ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘தி’யின் மேல் விசிறி, ‘ரு’வின் சுழிப்பு, ‘ழை’யின் முன்னால் நிற்கும் இரட்டைச் சுழி, கடைசி ‘ழ்’ கீழே இறங்கி முடியும் விதம்... நீட்டவும் சுழிக்கவும் எத்தனை இடம்! ஆங்கிலம் போல எழுத்துகளைச் சேர்த்து எழுத வேண்டிய அவசியமே இல்லை. தமிழில் எழுத்துகள் தனித்தனியே நிற்பவை. அழகை அதனதன் வாலிலும் சுழியிலும் தேட வேண்டும். ஆங்கிலத்தைப் பார்த்துச் சாய்ப்பதால்தான் கோணலாகிறது.

அப்படியானால் தடை எங்கே? பெரும்பகுதி பழக்கத்தில். டிடிபி கடைகளில் வருடக்கணக்கில் பாமினி, வானவில் போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களில்தான் வேலை நடந்தது. அவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். அப்படி அடித்ததை அப்படியே யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றினால் தமிழே போய், ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். 2001-ல் வந்த பேஜ்மேக்கர் 7-க்கு யூனிகோடு தமிழ் தெரியாது. இன்டிசைன் 2012-ல் சிஎஸ்6 பதிப்பில்தான் தமிழைச் சரியாகக் கோக்கத் தொடங்கியது. புதிய எழுத்துரு வந்தாலும் கடைக்குள் நுழைய வழியில்லாமல் போனது இதனால்தான்.

இன்று அந்தச் சாக்கு செல்லாது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த ‘கவிவாணர்’ எழுத்துரு, கையெழுத்துச் சாயலில், சற்றே சாய்வாக, கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது. பட்டனால் சாய்த்ததல்ல, சாய்வாகவே வரைந்தது. வித்தியாசம் பார்த்தவுடன் தெரியும். ஆனால் ஒன்றிரண்டு போதாது. ஆங்கிலத்தில் இப்படிப்பட்டவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. தமிழில் வேண்டும் என்று கேட்டுக் காசு கொடுப்பவர்கள் வந்தால்தான் வரைபவர்களும் வருவார்கள்.

“அலங்கார எழுத்தைப் பெரியவர்கள் எப்படிப் படிப்பார்கள்?” என்ற கேள்வி நியாயமானது. முகூர்த்த நேரம், மண்டபத்தின் பெயர், பஸ் ரூட் எல்லாம் சாதாரண எழுத்திலேயே இருக்கட்டும். ஆங்கிலப் பக்கத்திலும் அப்படித்தானே செய்கிறார்கள்? தலைப்புக்கும் இரண்டு பெயர்களுக்கும் மட்டும் அலங்காரம் போதும்.

ஐந்நூறு பத்திரிகை அடிக்கும் குடும்பம் அட்டையின் தடிமனையும் தங்க நிற பார்டரையும் பத்து முறை தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. தமிழ் எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பத்திரிகையின் உச்சியில் பிள்ளையார் சுழி மட்டும் இன்னும் அழகாக வளைந்திருக்கிறது. அந்த வளைவை நாலு வரி கீழே, மணமக்கள் பெயர் வரைக்கும் இறக்கிக்கொண்டு வரச் சொல்லிக் கடையில் கேட்டால் என்ன?