லைக் வந்தால் சேலை விற்றுவிடுமா?

மதுரைச் சுங்குடிச் சேலைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்தது. ஆனால் வாடிக்கையாளரை நாம்தான் தேட வேண்டும். விளக்குத்தூண் பக்கம் சுங்குடி விற்கும் நான் இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போடுகிறேன். விளம்பரத் தொகையோடு 18 சதவீத ஜிஎஸ்டியும் போகிறது. சுங்குடிக்கு முடிச்சுப் போடும் பெண்களுக்குக் கூலியும் இதே கல்லாவிலிருந்துதான். ஆனாலும் போட்ட காசு எத்தனை சேலை விற்றுத் தந்தது என்று நம் கடைத்தெருவில் பலர் கணக்குப் பார்ப்பதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

ஒரே சேலைக்கு இரண்டு விளம்பரம் போடுங்கள். ஒன்றில் முடிச்சிடும் கைகள், மற்றதில் விலை. ஊர், வயது, நாள், தொகை எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். ஒவ்வொன்றிலிருந்தும் வாட்ஸ்அப்புக்கு வரும் முதல் செய்தியை வேறு வேறாக அமைத்துவிட்டு, பணம் வந்ததும் எந்த விளம்பரம் என்று பில் புக்கில் குறியுங்கள். இதேபோல் கூப்பனில் அடையாளமிட்டு விளம்பரத்தை அளக்கும் முறையை அமெரிக்கர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923இலேயே புத்தகமாக எழுதிவிட்டார்.

எங்கள் கடையில் கைகளுக்கு லைக் குவிந்தது. விலை சொன்னதற்குத்தான் ஆர்டர் வந்தது. சித்திரைத் திருவிழா வாரத்தில் மட்டும் சோதிக்காதீர்கள். திருவிழாக் கூட்டத்தில் எந்த விளம்பரமும் ஜெயித்த மாதிரியே தெரியும்.